காட்டில் வழி தவறினால்

நடந்தவை, வரிசையாக:

1. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, சரோஜினி நகரில் வேலை செய்த வீட்டிலிருந்து அம்மா ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகம் கொண்டுவந்தாள். காட்டில் தொலைந்த சிறுமியின் கதை. கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன.
2. முடிவை நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்.
3. பல ஆண்டுகள் கழித்து, நாலா என்ற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் குடிசைகளுக்கு மாற்றுவீடு தருவதாக அரசாங்கத்திலிருந்து பெயர் எழுத வந்தார்கள்.
4. அம்மாவின் பெயர் விடுபட்டது.
5. குடிசையை இடித்தார்கள்.

பழுதான மின்பலகைகளைச் சோதித்து, பிழை எங்கே நுழைந்தது என்று எழுதுவது என் வேலை. இங்கே அது இரண்டாவது வரியில் நுழைந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் அரிசி களையும்போது ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்வேன். "ஏண்டி, புழுவத் திங்கத் தெரிஞ்ச புள்ளைக்கு வந்த வழி தெரியலயா?" என்று சிரிப்பாள். ஆனால் கதையில் வந்த ஒரு விதி அவளுக்குப் பிடித்துப்போனது: வழி தவறினால் இருந்த இடத்தைவிட்டு நகராதே, தேடுபவர்கள் அங்கேதான் வருவார்கள்.

"வந்தாங்களா?"

"வந்தாங்கம்மா. ஹெலிகாப்டர்ல."

"அச்சா," என்று உலையில் அரிசியைப் போட்டாள்.

ஒருமுறை சந்தை நெரிசலில் அவள் கையை விட்டுவிட்டேன். கரும்புச்சாறு வண்டியருகே அசையாமல் நின்றேன், வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம்.

பெயர் எழுத முதலில் வந்த காலையில் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. மறுபடி வருவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அலுவலகத்திலிருந்து போனில் சொன்னேன்: "வீட்ட விட்டு நகராதம்மா, வருவாங்க."

மூன்று நாள் வேலைக்குப் போகாமல், ரேஷன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவர்கள் சந்துக்குள் வரவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் மேஜை போட்டு எழுதினார்கள். எதிர்வீட்டு அத்தை ஓடிவந்திருக்கிறார்.

"ஜல்தி வா அண்ணி, மேஜையத் தூக்கப் போறானுங்க!"

"எம்மவ நகர வேணாம்னு சொல்லியிருக்கா. படிச்ச பொண்ணு, தெரியாமலா சொல்லுவா?"

அத்தை இதை என்னிடம் சொன்னது இடிப்பு முடிந்த பிறகு. அம்மா இன்றுவரை சொன்னதில்லை.

காட்டில் அந்தச் சிறுமி காணாமல்போனது ஊருக்கே தெரியும். அதனால்தான் அங்கே அந்த விதி செல்லும்.

இப்போது இருவரும் வாடகை அறையில் இருக்கிறோம். மனு கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. புத்தகம் கட்டிலுக்கு அடியில், பெட்டியில் இருக்கிறது. அதன் முடிவு எனக்குத் தெரியாது என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.