மூணு புரோட்டா பசி

காசி கிள்ளுகிற உருண்டை தொண்ணூறு கிராம் இருக்கும். தராசில் வைத்துப் பழகியதில்லை. இருபத்தாறு வருஷமாகப் புரோட்டா போட்ட கை, தானாகவே அந்த அளவில் வந்து நின்றுவிட்டது. பிசைந்த மாவைக் கைப்பிடிக்குள் வாங்கி ஓர் அமுக்கு அமுக்கினால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முட்டை மாதிரி பிதுங்கி வரும். ஒரு திருகு, உருண்டை விழுந்துவிடும். பார்க்கக்கூட வேண்டாம். ஆளோடு பேசிக்கொண்டே ஒரு தட்டுக்கு நாற்பது கிள்ளி அடுக்குவான். நாற்பதும் ஒரே அச்சு.

செங்கம் சாலையில் அவன் வேலை பார்த்த கடை சுரேஷ்குமாரின் அப்பா ஆரம்பித்தது. கிரிவலம் போகிறவர்கள் வருகிற கடை என்று முட்டையைக்கூட உள்ளே விடமாட்டார் பெரியவர். புரோட்டா, காய்கறிக் குருமா, டீ, அவ்வளவுதான். அவர் போனபின் மகன் கல்லாவில் உட்கார்ந்தான். படித்த பிள்ளை. அவன் உட்கார்ந்த நேரம் தேங்காய் ஏறியது, எண்ணெய் ஏறியது, சிலிண்டர் ஏறியது. சுற்றியிருந்த கடைகளில் புரோட்டா பதினெட்டு, இருபது என்று போயிற்று. சுரேஷ்குமார் மட்டும் பதினைந்திலேயே நின்றான். "நாங்கள் விலையை ஏற்றவில்லை" என்று வாசலில் பேனர் கட்டினான். கூட்டம் வந்தது.

விலையை அவன் ஏற்றவில்லைதான். குருமாவில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையை ஏற்றினான். வெங்காயத்தோடு முட்டைக்கோஸை அரிந்து கலக்கச் சொன்னான். எண்ணெய் பாமாயில் ஆயிற்று. கடைசியில் உருண்டைக்கு வந்தான்.

ஒரு வைகாசி மாதக் காலையில் எலக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கொண்டுவந்து மாவு மேடையில் வைத்து, இனிமேல் அறுபத்தைந்து கிராம் என்றான். காசி சரி என்றான். மறுக்க அவனுக்கு என்ன இருக்கிறது, மாவு அவனுடையதா?

ஆனால் கை கேட்கவில்லை. சின்னதாகக் கிள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிள்ளுவான். தராசு தொண்ணூறு காட்டும். அடுத்தது தொண்ணூற்றொன்று. அடுத்தது எண்பத்தொன்பது. முதல் நாள் சுரேஷ்குமார் சிரித்து, செல்லில் வீடியோகூட எடுத்தான். நாலாம் நாள் சிரிக்கவில்லை.

"ஒரு தட்டு மாவுக்கு நாப்பது வருது மாஸ்டர். அம்பத்தஞ்சு வரணும். உங்களால ஆவலன்னா சொல்லிடுங்க, உருண்டைக்கு மெஷின் போட்டுடறேன். அப்புறம் உங்கள எங்க நிக்க வெக்கிறதுனு எனக்கே தெரியல."

மரியாதையாகத்தான் சொன்னான். காசிக்கு ஐம்பது நெருங்குகிறது. பெண் வினோதினி வேலூரில் நர்ஸ் படிப்பு, இரண்டாம் வருஷம். இந்த வயசில் இன்னொரு கடையில் புரோட்டாக் கல்லுக்கு முன்னால் போய் நின்று வேலை கேட்க முடியாது.

அந்த வாரமே கல்லின் விளிம்பு பட்டுக் கட்டைவிரல் இடுக்கில் சுட்டுக்கொண்டான். துணி சுற்றி, மேலே பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான். அன்றைக்குக் கிள்ளியதை எடை போட்டால் அறுபத்தாறு. விரல் இடுக்கில் கட்டு அடைத்துக்கொண்டதால், கைப்பிடி நிறைந்துவிட்டதாகக் கை சீக்கிரமே நினைத்துக்கொண்டது. சுரேஷ்குமார் தராசைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான். புண் ஆறினாலும் கட்டு இருக்கட்டும் மாஸ்டர் என்றான்.

ஒரு வாரத்தில் புண் ஆறியது. கட்டு இருந்தது. தினமும் காலையில் மனைவி வெள்ளையம்மாள் ஆறிப்போன கையில் துணியைச் சுற்றிவிட்டாள். எதற்கு என்று முதல் நாள் கேட்டாள். வேலைக்கு என்றான். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

சாப்பிடுகிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீசும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் அகலம் பழைய அகலமேதான். இலையில் பார்த்தால் மூன்று மூன்றாகத்தான் இருக்கும். காசிக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. வருவான், கிள்ளுவான், வீசுவான், போவான்.

ராமலிங்கம் அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிவரும் லோடு வண்டி அவனுடையது. இறக்கிவிட்டு ஆறு, ஆறரைக்கு வந்து கல்லுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தால் மூன்று புரோட்டா. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. தின்று முடித்துக் காசியை நாலு வார்த்தை நக்கல் அடித்துவிட்டுப் போவான்.

ஆனி மாதத்தில் அவன், சாப்பிட்டும் பசிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் வயிறு இரைகிறதாம். காசி கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்றான். ஆடியில் ராமலிங்கத்தின் நக்கல் நின்றது. அவன் அப்பனுக்குச் சர்க்கரை வந்து கால் எடுத்தார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான். அவர்களுக்கும் முதலில் பசிதான் வந்தது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னான். டெஸ்ட் எடுத்துப் பாரேன் என்று காசி சொன்னான். எடுத்தால் இருக்கிறது என்று வந்துவிடும் என்றான் ராமலிங்கம். லோடு ஆளுக்குக் கால் போனால் வேறு என்ன மிச்சம்.

அவன் மனைவி அருணாதேவிக்குச் சர்க்கரை ஏற்கெனவே உண்டு. வலது குதிகாலில் ஆறாத புண். அவள் புருஷனுக்காக வேண்டிக்கொண்டாள். அவருக்கு அந்த வியாதி இல்லை என்று ஆகிவிட்டால், பன்னிரண்டு பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறேன் என்று. ஆகும்வரைகூடப் பொறுக்கவில்லை, ஆடிப் பௌர்ணமியிலேயே நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆவணியில் கடை வாசலைத் தாண்டிப் போனபோது காசி பார்த்தான். குதிகாலில் துணி சுற்றியிருந்தாள். புரட்டாசியில் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள்.

சொல்லிவிடலாம் என்று காசிக்குத் தோன்றாமல் இல்லை. சொன்னால் அந்தப் பேச்சு லோடு வண்டி ஸ்டாண்டுக்குப் போகும், அங்கிருந்து ஊருக்குப் போகும். பேனரைக் கிழிப்பார்கள். அதற்கு முன்னால் அவன் வேலை கிழியும். இதையெல்லாம் ஒரு தடவை நினைத்தான். பிறகு நினைக்கவும் இல்லை. ராமலிங்கம் வந்து உட்கார்ந்தால் மூன்று போட்டுக் கொடுத்துவிட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த ஒரு சாயங்காலம் ராமலிங்கம் உள்ளே வந்தபோது மழையில் நனைந்தவன் மாதிரி இருந்தான். வெளியே தூறல் விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அத்தனையும் வியர்வை. மேசையைப் பிடித்து உட்கார்ந்தான். கை உதறியது. தண்ணீர் டம்ளரை எடுக்கப் போய்த் தட்டிவிட்டான்.

"காசி, கண்ண இருட்டிக்கினு வருது."

காசி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தான். "இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்புடல. மாத்திரைதான் போட்டேன். அருணாவோடது. நாலு நாளா போடுறேன்."

இல்லாத வியாதிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டால் ஆள் விழுந்துவிடுவான் என்று வினோதினி எப்போதோ போனில் சொன்னது காசிக்கு ஞாபகம் வந்தது. டீ போடுகிற இடத்திலிருந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிவந்து தண்ணீரில் கரைத்து அவன் வாயில் ஊற்றினான். இன்னொரு டம்ளரும் ஊற்றினான். கால் மணி நேரத்தில் உதறல் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறேன் என்றதற்கு, போனால் ரத்தம் எடுப்பார்கள் என்று ராமலிங்கம் தலையை ஆட்டினான்.

"உனக்கு சுகர் இல்ல, லிங்கம்."

"நீ இன்னா டாக்டரா?"

"உருண்டைய கம்மி பண்ணிட்டோம். வைகாசிலேர்ந்து. நீ துன்றது மூணு இல்ல. ரெண்டு சொச்சம்தான்."

ராமலிங்கம் சிரிக்கப் பார்த்தான். "மூணு எண்ணித்தானய்யா துன்றேன். ஆறுதலுக்கு எதுனா சொல்லாத."

காசி அவனை மெதுவாக மாவு மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பாலிதீனைக் கழற்றி, துணியைப் பிரித்தான். உள்ளே கை வெளுத்துத் தண்ணீரில் ஊறியது மாதிரி இருந்தது. இப்பப் பார் என்று சொல்லிவிட்டு வெறும் கையால் மாவை அமுக்கி ஓர் உருண்டை கிள்ளினான். தட்டில் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

இரண்டும் ஒரே அளவு.

காசி இன்னொன்று கிள்ளினான். அதுவும் அதே. தராசில் வைத்தான். அறுபத்தைந்து. மறுபடி கிள்ளினான். அறுபத்து நாலு. இன்னொன்று. அறுபத்தைந்து. கட்டு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கை. அது எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒருத்தன் கையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?" என்றான் ராமலிங்கம்.

கல்லாவிலிருந்து சுரேஷ்குமார் எட்டிப் பார்த்தான். காசி அவனையும் பார்த்தான், ஆனால் நிறுத்தவில்லை. ஓர் உருண்டையைப் பிய்த்து இன்னொன்றின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டித் தராசில் வைத்துக்கொண்டே வந்தான். தொண்ணூறு காட்டியதும் எடுத்து ராமலிங்கத்தின் வலது உள்ளங்கையில் வைத்தான். இடது கையில் தட்டில் இருந்த உருண்டை.

"முன்ன இதான் போட்டேன். இப்ப அது."

ராமலிங்கம் மூட்டை தூக்குகிறவன். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் தோள் சொல்லிவிடும் அவனுக்கு. இரண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தான். கையை மாற்றிவைத்துப் பார்த்தான். தராசு சொன்னதை அவன் கேட்கவில்லை, கை சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

"தெரிஞ்சிக்கினேதான் வாய மூடிக்கினு இருந்தியா?"

"ஆமா."

"அருணா மூணு பௌர்ணமி நடந்துட்டா. அந்தக் கால வெச்சிக்கினு."

"பாத்தேன்."

ராமலிங்கம் உருண்டைகளை மேடையில் வைத்துவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தான். அடிப்பான் என்று காசி நினைத்தான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். காசி எப்போதும்போல மூன்று போட்டு வைத்தான். ராமலிங்கம் மூன்றையும் தின்றான். குருமாவை வழித்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்.

"இன்னொண்ணு போடு."

சுரேஷ்குமார் நாலுக்கு பில் போட்டான்.

மறுநாள் லேபில் ரத்தம் கொடுத்தான் ராமலிங்கம். சர்க்கரை இல்லை என்று வந்தது. அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கால் தப்பித்ததே போதும் என்று இருந்துவிட்டானோ என்னவோ. தினமும் வந்தான், நாலு தின்றான், போனான். காசியோடு பேசுவதில்லை. சுரேஷ்குமாரும் காசியை வேலையை விட்டு எடுக்கவில்லை. பௌர்ணமி வருகிற நேரத்தில் மாஸ்டர் கிடைப்பது கஷ்டம். எல்லார் கையிலும் மாவை எடுத்துக் கொடுக்காதீங்க மாஸ்டர் என்று ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான். கட்டு இனி வேண்டியிருக்கவில்லை. இடி விழும் என்று காத்திருந்த காசிக்கு ஒன்றுமே விழவில்லை. எல்லாம் அப்படியே நடந்தது.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் சாலை முழுக்க ஜனம். ஈரத் தாரில் ஆயிரம் கால் சத்தம். வாசலோரம் கல்லுக்குப் பக்கத்தில் அருணாதேவி வந்து நின்றாள். வெறுங்கால். குதிகாலில் சுற்றிய துணி நனைந்து கறுத்திருந்தது.

"அண்ணா, அவருக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் மொதல்ல சொன்னீங்களாம்."

காசி புரோட்டாவைத் திருப்பிப் போட்டான். "அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சேம்மா. இன்னும் எதுக்கு நடக்கிற? காலு வேற அப்டி இருக்குது."

"நல்லா சொன்னீங்க. இல்லன்னு ஆவணும்னுதான வேண்டிக்கினேன்? ஆக்கிக் குடுத்துட்டாரு. இப்பப் போயி நிறுத்த முடியுமா?"

"அது மொதல்லேர்ந்தே இல்லம்மா. புரோட்டாதான் சின்னது. அவன் சொல்லல?"

"சொன்னாரு." அவளுக்குக் கோபம் இல்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். "நாலஞ்சு மாசமா தொறக்காத வாய உங்களுக்கு யாருண்ணா தொறந்து வுட்டது?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த விபூதியை மாவு படாத இடமாகப் பார்த்து மேடையில் வைத்தாள். வலது காலை ஊன்றாமல் விரலை மட்டும் ஊன்றி இறங்கிக் கூட்டத்தில் கலந்தாள். இங்கிருந்து இன்னும் பதினோரு கிலோமீட்டர். இதுபோக இன்னும் எட்டுப் பௌர்ணமி.

உள்ளே ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பன்னிரண்டு கேட்டது. விலை ஏறவில்லையாமே என்று அந்த வீட்டு ஆம்பளை பேனரைக் காட்டி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காசி மாவை இழுத்து அமுக்கினான். பன்னிரண்டு உருண்டை விழுந்தது. தராசு பக்கம் அவன் திரும்பவில்லை.