முடுக்கியவர் நாற்காலி

கம்பெனியில் எல்லோருக்கும் அவள் ஸ்பானர் அக்கா.

தகரக் கொட்டகையில் பெரியவர் ஃபியூயல் செல் கம்பெனி ஆரம்பித்தபோது வேலைக்கு வந்தவள். மெல்லிய தகடுகளை அடுக்கி, இடையிடையே ரப்பர் வளையம் வைத்து, போல்ட்டை முடுக்குவாள். உள்ளே ஹைட்ரஜன் போனால் மின்சாரம் வரும். வளையம் பிசகினால் வாயு கசியும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஒரு பொறி போதும். அதனால் பெரியவர் ஒரு சட்டம் போட்டார்: முதல் ஓட்டத்தில், முடுக்கியவர்தான் இயந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

"மாமியார் பக்கத்துல உட்கார்ற பயம் இருந்தாத்தான் கை ஒழுங்கா முடுக்கும்" என்பார்.

அந்த நாற்காலியிலேயே அவளுக்குத் தலை நரைத்தது. ஆர்டரே இல்லாத வருஷங்களில் சம்பளம் கேட்காமல் தகடு துடைத்தாள். பிறகு பஸ் கம்பெனிகள் தேடி வந்தன. கொட்டகை போய்க் கட்டடம் எழுந்தது. பெரியவர் கண்ணை மூடினார். மகன் வந்தார், கூடவே மலிவான வளையங்களும் வந்தன. அவளை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, அவள் மகளை முடுக்கப் போட்டார்கள்.

இதுவரை கட்டியதிலேயே பெரிய இயந்திரம் ஓடவேண்டிய அன்று, ஸ்டோரில் மிஞ்சிய வளையம் ஒன்றை அவள் மடக்கிப் பார்த்தாள். மயிரிழை போலக் கீறல் விட்டது. சின்ன முதலாளியிடம் ஓடினாள்.

"சென்சார் இருக்குக்கா. கசிஞ்சா கத்தும்."

"அது கத்துறப்போ எம்பொண்ணுல்ல தம்பி பக்கத்துல இருப்பா."

"வாங்குறவங்க வந்து உட்கார்ந்தாச்சு. இன்னிக்கு ஓடலைன்னா நாளைக்குக் கம்பெனியே இருக்காது."

அவள் சோதனை அறைக்குள் போனாள். நாற்காலியில் மகள்.

"எழுந்திரு. கடைசியா முடுக்கினது நான்."

"எப்போ?"

"நீ சாப்பிடப் போனப்போ."

பெற்ற மகளிடம் அவள் சொன்ன முதல் பொய். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். வால்வு திறந்தது. அழுத்தமானியின் முள் ஏறியது.

கதவு மறுபடி திறந்தது. மகள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முடுக்கி முடிச்சதும் போல்ட்ல நான் வச்ச பெயின்ட் புள்ளி ஒண்ணுகூட நகரலையேம்மா. யார்கிட்ட கதை விடுற?"

"வெளியே போடி."

"போனா சேர்ந்து போவோம். எனக்கு வேற அம்மா இல்ல."

கம்பெனிக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தவள்தான். மகளின் முகத்தைப் பார்த்ததும் கை தானாக வால்வை மூடியது. கசிவில்லை என்றால், மூடியதும் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

முள் இறங்கியது. சென்சார் வாய் திறக்கவில்லை.

மகளின் கை ஃபேன் சுவிட்சுக்குப் போனது. அவள் பிடித்துக்கொண்டாள். "தொடாதே. பொறி பறக்கும்."

இருவரும் வெளியே வந்ததும் சின்ன முதலாளி சீறினார். "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களேக்கா."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாசலுக்குப் போங்க தம்பி. எதையும் தொடாதீங்க."

எல்லோரும் வாசலைத் தாண்டித் திடலுக்கு வந்தார்கள். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அறை மூலையில் தண்ணீர் குளிர்விக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. தானாக நிற்கும்; தானாக ஓடும். ஒவ்வொரு தடவையும் உள்ளே சுவிட்ச் விழும்.

அதை யாரும் அணைக்கவில்லை.