பெரிய பட்டை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் அப்பாவும் நானும் ரத்த அழுத்தம் பார்க்கும் பிரஷர் மீட்டர்களைச் சரிபார்த்தோம். ஆறு மீட்டர்கள். அப்பா குமிழை அழுத்தினார். நான் முள்ளைப் பார்த்தேன். ஆறும் சரி. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்த வார வியாழக்கிழமை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அப்பா இறந்தார்.

அப்பாவின் பெயர் லவெல் பெட்டிகுரூ, வயது அறுபத்து மூன்று. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை. அங்கே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் கறுப்பின ஆண்கள். சிலர் அவருடன் பள்ளியில் படித்தவர்கள். பலருக்குச் சிறுநீரகம் கெட்டது கவனிக்காமல் விட்ட பிரஷரால். அதனால்தான் சர்ச் ஹாலில் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் முதலில் இரண்டு மைல் நடக்க வேண்டும். பிறகு ஒருவருக்கொருவர் பிரஷர் பார்க்கப் பழக வேண்டும். பதினொரு பேர் நர்ஸ், எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ் வேலைகளுக்குப் போனார்கள்.

வருகிறவர்களில் பலர் ஃபுட்பால் ஆடியவர்கள். தொடை போன்ற புஜம். அதனால் அப்பா வாங்கியதெல்லாம் பெரிய கைப்பட்டைகள். தன் ஒல்லிக் கையிலும் அதையே சுற்றிக்கொள்வார். 138 காட்டும். 140-க்குள்தானே என்று திருப்தியாகக் கழற்றி வைப்பார்.

அடக்கம் முடிந்து அதே ஹாலில் சாப்பாடு. அப்பாவின் வகுப்பில் பழகி, நர்ஸிங் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதமான கெண்ட்ரெல் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

"அக்கா, கடைசி வகுப்புல நான் சார்கிட்ட சொன்னேன். 'உங்க குச்சிக் கைக்கு இந்தப் பட்டை பெருசு, பிரஷரைக் கம்மியாத்தான் காட்டும்'னு."

"என்ன சொன்னாரு?"

"'டேய், ரெண்டு மாசம் காலேஜ் போயிட்டு எனக்கே பாடமா? ரெண்டு மைல் நடந்தா நாக்கு தள்ளுது உனக்கு'ன்னு சிரிச்சாரு. அப்புறம், 'சரிதான்டா, அடுத்த சனிக்கிழமை வாங்கிடலாம்'னாரு. நான் அன்னிக்கே ஓடிப்போய் வாங்கியிருக்கணும். சார் போனதுலேருந்து காலேஜ் போகலக்கா. இனி போகவும் மாட்டேன். அவரையே விட்டுட்டேன், நோயாளிய என்னத்தப் பார்க்கப் போறேன்?"

"கண்டுபிடிச்சது நீ மட்டும்தான். நான் முள்ளைப் பார்த்தேன். பட்டையைப் பார்க்கல."

அவன் எழுந்து நாற்காலிகளை அடுக்கப் போனான்.

என் கையும் அப்பா கையின் அளவுதான். மறுநாள் வேலையிடத்தில் சோதித்தேன். சரியான பட்டையில் 126. பெரியதில் 114.

மாலையில் அப்பாவின் காரை எடுத்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வாங்க வேண்டியவற்றை அவர் எழுதிய சீட்டு இருந்தது. படமெடுத்துக் கெண்ட்ரெலுக்கு அனுப்பினேன்.

எஞ்சின் ஆயில். சோளமாவு. எனக்குக் கைப்பட்டை: கெண்ட்ரெலைக் கூட்டிப் போகணும், அளவு அவனுக்குத்தான் தெரியும்.