மரகதம் அம்மாளின் கட்டிலைக் கறுப்பாக்கியவர்

ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூப்படங்களை ஒரு நாள் முழுவதும் நிறுத்திவைப்பதென்று நிர்வாகிகள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வெள்ளத்தின்போதுகூட நில்லாத படங்கள் அவை. காரணம் அடுத்த வரியில் இருந்தது: பொன்னுரங்கம் காலமானார்.

ஆவடித் தொழிற்சாலையில் அவர் பெயிண்ட் பிரிவு. நான் தரப் பரிசோதனை. அவர் அனுப்புவதை நான் திருப்பி அனுப்புவேன். "உன் கண்ணுலதான் கோளாறு நைனா" என்று அதையே மறுபடியும் அனுப்புவார். எங்கள் நட்பு வளர்ந்த விதம் இதுதான்.

ஓய்வுக்குப் பின் அவரும் மனைவி மரகதம் அம்மாளும் ஆவடியிலேயே இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். இதய மருத்துவர் அவரை மாடிப்படி ஏறக்கூடாது என்றார். மகனுக்குச் சென்னீர்குப்பத்தில் லிஃப்ட் உள்ள அடுக்ககத்தில் வீடு. அன்போடுதான் கூப்பிட்டார்: "வந்துடுங்கப்பா. கட்டில் மட்டும் வேணாம். இங்க எல்லாமே பிளாக் தீம்."

அந்தத் தேக்குக் கட்டில் மரகதம் அம்மாளுக்கு அவருடைய அப்பா தம் கையால் செய்து கொடுத்தது. "கட்டில் வராத ஊட்டுக்கு நான் மட்டும் இன்னாத்துக்கு?" என்றுவிட்டார் அவர். ஆகவே கட்டிலைக் கறுப்பாக்குவது என்று ஆயிற்று.

நான் ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட் வாங்கிப் போனேன். ஒரே நாளில் முடிந்துவிடும் என்றேன். வாழ்நாளெல்லாம் பெயிண்ட் அடித்தவர் அதைத் திறக்கவே இல்லை.

"பெயிண்ட் அடிச்சா அவங்கப்பன் கட்டில் மறைஞ்சுபூடும் நைனா. நெறம் மாறணும். மரத்து வரி அப்படியே தெரியணும்."

கட்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய பாலிஷைத் தேய்த்து எடுத்தார். கடுக்காய்க் கஷாயத்தைப் பூசிக் காயவிட்டார். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அதன்மேல் தடவினார். மரம் கண்ணெதிரே நிறம் மாறியது.

"இன்னாயா இது, கத்திரிக்கா கலர்ல கீது?" என்றார் மரகதம் அம்மாள்.

"எண்ணெ போட்டா கறுத்துடும்மே."

"கறுக்கட்டும். அப்பால சொல்றேன்."

எண்ணெய் பூசியதும் கறுத்தது. அம்மாள் ஒவ்வொரு துண்டையும் வெயிலில் வைத்து, விரலால் வரியைத் தடவிப் பார்ப்பார். வரி மங்கியிருந்தால், "இது ஆவாது." பணிக்காலம் முழுவதும் என்னோடு மல்லுக்கு நின்றவர், உடனே உப்புத்தாளை எடுத்து மறுபடியும் தேய்க்க உட்காருவார்.

"எப்பதான் மாடியை விட்டு எறங்கப் போறீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணட்டும் நைனா" என்று அம்மாளைக் காட்டினார்.

கட்டிலின் சட்டங்கள் தேறின. மூன்று கால்களும் தேறின. நான்காவது காலுக்குக் கடுக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியவர் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவர் கைகளைப் பார்த்தேன். குளிப்பாட்டிய பிறகும் விரல் நுனிகளில் கறுப்பு போகவில்லை. ரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. இதைத் திருப்பி அனுப்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போய்வாருங்கள், அண்ணே.

காரியம் முடிந்ததும் மரகதம் அம்மாள் சென்னீர்குப்பம் போனார். கட்டிலும் போனது. மூன்று கால் கறுப்பு, ஒரு கால் தேக்கு நிறம்.