தகடு வேண்டாம் என்றேன்

பிள்ளைகளே, நம் டீசல் காரில் புகையின் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பி, நஞ்சைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. குவார்ட்டர்ஸிலிருந்து நிலக்கரி மைன்ஸ் கேட் வரை மட்டுமே, இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். அதனால் வால்வில் கரி அடைத்துக்கொண்டது; கார் இழுக்காமல் கரும்புகை கக்கியது. தப்பு என்னுடையதுதான்.

மந்தாரக்குப்பம் மெக்கானிக் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"புகை உள்ள திரும்பற வழிய தகடு வச்சி அடைச்சிடலாங்க."

"அப்ப புகை?"

"ஊரே கரியிலதான் கெடக்குது. உங்க கார் புகையிலதான் கெட்டுடப் போவுதா?"

"என் சின்னப் பொண்ணு இன்ஹேலர் இல்லாம ஸ்கூல் போக முடியலய்யா. தகட்ட நீயே வச்சிக்க!"

"அப்ப பிரஷ்ஷ வச்சி நீங்களே தேச்சிகினு கெடங்க," என்று சாவியை வீசினான்.

ஞாயிறு முழுக்க நானேதான் கழற்றித் தேய்த்தேன். இப்போது கார் நன்றாக இழுக்கிறது, கரும்புகையும் இல்லை. அந்தக் கடைப் பக்கம் நான் திரும்புவதில்லை; நீங்களும் திரும்பாதீர்கள்.