மூன்றாம் சரணத்து மீன்

காலை எட்டே முக்கால். சர்ச் ஹாலின் படியில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். பெரும்பாலும் ரப்பர் செருப்புகள். நீல வார், பச்சை வார். ஒன்றில் அறுந்த வாரை ஒரு சேஃப்டி பின் பிடித்துக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு ஜோடி கறுப்பு ஷூ, அதற்குள் மடித்து வைத்த வெள்ளை சாக்ஸ். அது பாஸ்டர் பையனுடையது என்று பிறகு தெரிந்தது. நானும் தங்கையும் எங்கள் செருப்புகளைத் தூண் ஓரமாக விட்டுவிட்டு, எந்தத் தூண் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு. சிட்லபாக்கத்தில் வாடகை வீடு. அப்பாவுக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஷெட்டில் இரவு ஷிப்ட். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, மற்ற வீடுகளில் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் படுப்பார். பரீட்சை லீவு விட்டதிலிருந்து, "அப்பா எழுந்துக்கற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்று அம்மா கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கிசுகிசுப்புக்கே அப்பா விழித்துக்கொள்வார்.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சர்ச் நடத்திய ஆரம்பப் பள்ளியில் அவர் டீச்சர். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே பேசினார்.

"வி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பி வைங்க. ஒம்போது மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். பாட்டு, கதை, கைவேலை, பிஸ்கட் எல்லாம் உண்டு."

விடுமுறை வேதாகமப் பள்ளியைத்தான் எல்லோரும் வி.பி.எஸ். என்றார்கள். அம்மா கொஞ்சம் தயங்கினாள். "பசங்க நெத்தியில விபூதி வெச்சுப்பாங்களே."

"நெத்தி அவங்களோடது. எங்களுக்குப் பாட ஆள் வேணும்" என்றார் ஆன்ட்டி.

எங்கள் பிரிவை நடத்தியது ஓர் அக்கா. ஆன்ட்டி வீட்டு மாடி போர்ஷனில், தன் அக்காள் குடும்பத்தோடு இருந்தார். நாகர்கோவில் பக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லை. சாயங்காலம் டியூஷன் எடுத்தார். அவரைப் பற்றி மதில் சுவர் வழியாக வந்த செய்தி இதுதான்: பள்ளியில் ஜூனிலிருந்து ஒரு டீச்சர் இடம் காலி. வி.பி.எஸ். நிறைவு விழாவுக்குப் பள்ளியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டன்ட் வருவார். அக்கா பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்க்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வார். இல்லை என்றால் அக்கா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மாடி போர்ஷனில் இன்னொரு குழந்தை பிறக்கப்போகிறது. படுக்க இடம் கிடையாது.

முதல் நாள் அக்கா வாசலில் நின்று, பிள்ளைகளைக் கூப்பிடும் தன் ஊர் வழக்கத்தில், "உள்ள வாங்க மக்களே" என்றார்.

"இன்னாக்கா, எலெக்ஷன் மீட்டிங்கா?" என்றான் ஒருவன். ஏரிக்கரைப் பையன். சட்டையில் மூன்று பட்டன்தான் இருக்கும். ஹால் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். "ஆமா, ஓட்டு கேக்கத்தான் வந்திருக்கேன். உட்காரு."

ஃபிளானல் துணி போர்த்திய பலகையில் படகையும் அலையையும் ஒட்டிக் கதை சொல்வார். ஃபேன் காற்றில் படகு விழும். கதையில் புயல் அடிக்கும் இடத்தில் விழுந்தால் நாங்கள் கைதட்டுவோம். ஐஸ் குச்சிகளில் பேனா ஸ்டாண்ட் செய்தோம். பதினொரு மணிக்கு ஆரஞ்சு பவுடர் கரைத்த தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும். வேண்டாத ஒரே விஷயம் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிய ரயில். அது போகும்போது பிரார்த்தனை நின்று காத்திருக்கும்.

விழாவுக்கான ஆக்‌ஷன் பாட்டை அக்காவே எழுதினார். முதல் சரணத்தில் குருவிக்கு மரம், இரண்டாவதில் ஆட்டுக்குப் புல், மூன்றாவதில் மீனுக்கு ஏரி. எல்லாம் தந்தவரைச் சொல்லும் இடத்தில் கை மேலே போக வேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் மீன்.

"மீனு இப்டியா போவும்? எங்க வூட்டாண்டதான் ஏரி கீது. நான் பாத்துகினே இருக்கேன், வேற மாரி போவுது" என்றான் ஏரிக்கரைப் பையன்.

"உங்க ஏரி மீன் அப்படிப் போகட்டும். பாட்டு மீன் இப்படித்தான் போகும்" என்றார் அக்கா.

ஒரு சிக்கல் இருந்தது. ஆர்மோனியமும் அக்காதான். கட்டைகளைப் பார்க்காமல் அவருக்கு வாசிக்கத் தெரியாது. பார்த்தால் எங்களைப் பார்க்க முடியாது. அதனால் இருப்பதிலேயே சிறியவளான என் தங்கையை முன்னால் தனியாக நிறுத்தினார். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சாலும் அவளைப் பாருங்க மக்களே. அவ தப்பா செஞ்சா எல்லாரும் தப்பா செய்யுங்க. ஒண்ணா செஞ்சா தப்பு தெரியாது."

பாஸ்டர் பையனுக்கு இது பிடிக்கவில்லை. "அவளுக்கு மூணாங்கிளாஸே வரல, அவளப் பாத்து நான் செய்யணுமா?" என்றான். செய்தான்.

ஒத்திகையில் ஒரு தப்பும் வரவில்லை. ஒத்திகை எல்லாம் காலையில் நடந்தது.

நிறைவு விழாவை, அப்பாக்கள் ஆபீஸ் முடிந்து வர வசதியாக மாலை ஐந்தரைக்கு வைத்தார்கள். கரஸ்பாண்டன்ட் பூங்கா ஸ்டேஷன் பக்கம் ஏதோ கூட்டத்தை முடித்துக்கொண்டு, ரயில் பிடித்து சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி வருவதற்குள் ஆறு தாண்டிவிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் குடை. மே மாதத்தில் குடை வெயிலுக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்து குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார். பின் வரிசைகளில் எங்கள் அம்மாக்கள். என் அப்பாவும் ஷெட்டுக்குக் கிளம்பும் உடுப்போடு கதவருகே நின்றார்.

பாட்டு தொடங்கியது. குருவி பறந்தது, ஆடு மேய்ந்தது. மூன்றாம் சரணத்தில் மீன் ஏரியில் இறங்கியபோது ஆறரை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் தீபாராதனை மணி அடித்தது.

மணிச் சத்தம் கேட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தங்கை மீனைக் கைவிட்டாள். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்துச் செய்யச் சொல்லியிருந்ததால் நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டோம். பாஸ்டர் பையன் எல்லோரையும்விடச் சுத்தமாகத் தாளத்தோடு போட்டுக்கொண்டான். மணி நிற்கவில்லை, நாங்களும் நிறுத்தவில்லை. பின் வரிசையில் என் அம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே. மணி ஓய்ந்ததும் தங்கை உள்ளங்கைகளைச் சேர்த்தாள். மீன் மறுபடி நீந்தியது.

அக்கா கடைசிச் சுரத்தை வாசித்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். கைதட்டல் வரவில்லை. பாஸ்டர் தன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரஸ்பாண்டன்ட் குடையை ஊன்றி எழுந்தார். "மூணாவது சரணத்துல ஒரு ஆக்‌ஷன் வந்ததே, அதை யாரு சொல்லிக் குடுத்தது?"

அக்கா எதையும் பார்த்திருக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார். தங்கையின் உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார்."

"எந்த ஆக்‌ஷனைக் கேக்கறேன்னு தெரியுமா?"

வரிசையிலிருந்து ஏரிக்கரைப் பையன் முன்னால் வந்தான். "அக்கா குடுக்கல சார். பிள்ளாரு கோயில்ல மணி அடிச்சாங்க, பாப்பா கன்னத்துல போட்டுகிச்சு. பாப்பாவப் பாத்து செய்யணும்னு ரூலு. அதான் செஞ்சோம்."

"நீ எந்தச் சபை தம்பி?"

"ஏரிக்கரை சார்."

பின்னால் யாரோ அடக்கிய சிரிப்பு வெடித்து வந்தது. அதைத் தொடர்ந்து ஹாலே சிரித்தது. என் அப்பாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. கரஸ்பாண்டன்ட் சிரிக்கவில்லை. அக்காவிடம் திரும்பினார்.

"என்ன நடந்ததுன்னே தெரியாம நான்தான்னு சொன்னீங்களே, ஏன்?"

"என் கிளாஸ் சார்" என்றார் அக்கா.

கரஸ்பாண்டன்ட் குடையின் கைப்பிடியை ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு, "ஆர்மோனியம் இன்னும் பழகணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பரிசளிப்பு தொடங்கியது. எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பென்சில். தங்கை அழுது முடித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று மதில் சுவரின் இரண்டு பக்கமும் பேசினார்கள். பழகணும் என்றால், பழகிவிட்டு வா என்பதா, பழகாதவள் வேண்டாம் என்பதா? ஆன்ட்டிக்கே தெரியவில்லை. மாடியில் ஒரு டிரங்குப் பெட்டி வெளியே எடுத்து வைக்கப்பட்டது. மீதி மே மாதம் முழுக்க, அப்பா தூங்கும் நேரம் பார்த்து, மாடியிலிருந்து ஆர்மோனியம் கேட்டது. அப்பா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, "வாசிக்கட்டும் விடு" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, அக்கா கஞ்சி போட்ட புடவையில், ஆன்ட்டியோடு சேர்ந்து எங்கள் வாசலைக் கடந்து போனார். மூன்றாம் வகுப்பு பி பிரிவு.

அடுத்த வருடம் வி.பி.எஸ். நிறைவு விழா காலை பத்து மணிக்கு நடந்தது.