பறக்காத விமானங்களும் கேட்காத குரலும்

ஒரு ஊரிலே ஒரு விமானம் இருந்ததாம். அது பறந்தால் விமானிக்குப் பெயர், பறக்காவிட்டால் எங்களுக்கு டெலிபோன். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் நாங்கள் பார்க்கும் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று சின்ன விமானங்கள் செய்கிறது. மூக்கில் ஒரேயொரு டர்போ எஞ்சின், அதன் முன்னால் ஒரு பெரிய விசிறி. ஆள், சாமான், நோயாளி எதையும் ஏற்றும், புல்லிலும் இறங்கும். வாங்கினவர்களுக்குப் பிறகு வரும் தலையிடிக்கு மருந்து சொல்வது எங்கள் கிளை. அழைப்பை எடுப்பதும், வாங்க வருபவர்களுக்கு விமானத்தைக் காட்டுவதும் நான்.

எனக்கு ஒரு குறை, குரல் எழும்பாது. கிளைப் பொறுப்பாளர் சேவியர் அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பாப்பம் பிள்ளை. நீர் கதைக்கிறது ஆக்களுக்குக் கேக்கேல்லை எண்டா ஸ்டோருக்குத்தான் அனுப்புவன். அங்க நட்டோடயும் போல்ற்றோடயும் கதைக்கலாம்."

எனக்கோ அந்த மேசையை விட மனமில்லை. மனிதர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கச் சம்பளம் தரும் வேலை வேறெங்கே கிடைக்கும்? வாடிக்கையாளர் முன்னால் இருந்து பிழைக்கும் நீங்கள் எல்லோரும் என் பக்கம்தான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கதவின் அகலம்

கொட்டாஞ்சேனை மீன் முதலாளி ஒருவர் விமானம் பார்க்க வந்தார். நான் இருக்கையின் தோலையும் ஜன்னலின் அழகையும் மனப்பாடம் செய்த மாதிரியே சொல்லிக்கொண்டு போனேன். அவர் பின்பக்கம் போய், சாமான் ஏற்றும் கதவுக்கு நேரே இரண்டு கையையும் விரித்து நின்றார். பிறகு குனிந்து உள்ளே பார்த்து, ஐஸ் பெட்டிகளை மனதுக்குள் அடுக்கினார். உதடு அசைவதில் தெரிந்தது.

"இவ்வளவு நேரமும் சீற்றைப் பற்றியே ஏதோ முணுமுணுத்தீங்க. பறக்கிற லொறி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வாசல்லயே சரி சொல்லியிருப்பன்."

தேங்காய்

வெள்ளவத்தை அம்மா ஒருவர் தன் கம்பனிக்கு எடுத்த புது விமானத்துக்குப் பூசை வைத்தார். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம், மூக்கில் சந்தனம். அதுவரைக்கும் பரவாயில்லை. பிறகு தேங்காயை எடுத்துக்கொண்டு நேரே எஞ்சினுக்கு முன்னால் வந்துவிட்டார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரட்டைத் துண்டு கிடந்தாலும் ஆபத்து. "அம்மா, இஞ்ச உடைக்காதேங்கோ" என்று மூன்று தரம் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். உடைத்தார்.

நான், சேவியர் அண்ணை, மெக்கானிக் நிமல் அய்யே (சிங்களத்தில் அண்ணை) மூன்று பேரும் முழங்காலில் நின்று சிரட்டை பொறுக்கினோம். சேவியர் அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டோரின் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாதான் இரக்கத்தோடு கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் பக்கத்தில நிண்டு மெல்லச் சொன்னது மந்திரமில்லையே?"

மூன்று ஓம்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் நின்ற விமானம் ஒன்றில் கம்பி பழுதென்று அங்கிருந்த மெக்கானிக் டெலிபோன் எடுத்தார். அவருக்குத் தமிழ்; மருந்து சொல்லவேண்டிய நிமல் அய்யேக்குச் சிங்களம். நடுவில் நான். டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

நிமல் அய்யே கேட்கச் சொன்னபடி, "மீற்றர் இருக்கா அண்ணை?" என்றேன்.

"ஓம்."

எங்கள் பேச்சில் ஆமென்பதற்கு ஓம்; கம்பியின் தடையை அளப்பதும் ஓமில்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிமல் அய்யே பேனையைத் திறந்து, "கீயத நங்கி?" என்று, எத்தனை தங்கச்சி எனக் கேட்டார். நானும் யோசிக்காமல், "எத்தனை ஓம் அண்ணை?" என்றேன்.

அந்தப் பக்கத்தில் எரிச்சல். "எத்தனை தரம் சொல்லுறது? ஓம், ஓம், ஓம்."

நிமல் அய்யே கொப்பியில் 3 என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தக் கம்பிக்கு மூன்று கூடாதாம், புதுசு அனுப்ப வேண்டுமாம். சேவியர் அண்ணை பார்சலுக்கு ஆள் தேட, நான் பலாலிக்கு நல்ல செய்தி சொன்னேன்.

"தங்கச்சி, நான் மீற்றரை இன்னும் பெட்டியால வெளியிலேயே எடுக்கேல்லை."

கப்டன்

ஆறாவது மாதத்தின் கடைசிக் கிழமை. ஸ்டோருக்கு மாற்றும் கடிதத்தில் கையெழுத்துப் போட சேவியர் அண்ணை என் மேசைக்குப் பக்கத்திலேயே பேனை தேடிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கப்டன் வந்தார். வாடிக்கையாளர் கம்பனி ஒன்றின் விமானி. எட்டுப் பயணிகளோடு ஓடுபாதையில் ஓடியவர், வேகம் காட்டும் முள் பூச்சியத்தை விட்டு அசையாததால் நிறுத்தித் திரும்பியிருக்கிறார்.

"என்ன சாமான் விக்கிறீங்கள் நீங்கள்? புது மீற்றர் இப்ப வேணும்."

எனக்குக் கத்தத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அம்மப்பா கதை சொல்லும்போது நான் "ம்" கொட்டாவிட்டால் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தில், "ம்" என்றேன்.

"நேற்று நல்லா வேலை செய்தது."

"ம்."

"பின்னேரம் பெடியள் கழுவினவங்கள்."

"ம்."

"இறக்கையில காத்துக் குழாய் இருக்கெல்லே, அதாலதான் வேகம் தெரியிறது. தண்ணி போகாமல் மூடச் சொன்னனான். மூடியைக் காணேல்லை எண்டு டேப் ஒட்டினவங்கள்."

"பிறகு?"

அவர் என்னைப் பார்த்தார், சேவியர் அண்ணையைப் பார்த்தார், நிமல் அய்யேயைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். உரிக்க மறந்த டேப்பை உரித்து, குழாயைத் துப்புரவாக்கிச் சோதித்தாகிவிட்டது, பயணிகள் ஏறுகிறார்கள். என் மேசையில் பார்வை படாமல், சேவியர் அண்ணையின் கையில் இருந்த கடிதத்தை வாசித்துவிட்டு அவரிடம்தான் சொன்னார்.

"இந்தப் பிள்ளையை இதில இருந்து எழுப்பிப்போடாதை சேவியர். என்னோட சத்தம் போட எங்கட கம்பனியிலேயே ஆக்கள் இருக்கினம்."

அவர் போனார். சேவியர் அண்ணை கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பேனை கிடைக்காதது மாதிரியே தன் அறைக்கு நடந்தார்.

எங்கள் தொழிலில் பாதிப் பழுதை மெக்கானிக் திருத்துவார். மீதியைக் கொண்டுவந்தவரே திருத்திக்கொண்டு, நல்ல பெயரை எங்களுக்குத் தந்துவிட்டுப் போவார்.